ஒன்றரை விரல் வாய்

என் அக்கா சாப்பிடுவதைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் பசி எடுக்கும். குருவிட்டவுக்கு மேலே அவள் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் கலியாண வீடுகளில் அவளை முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். சமையல் எப்படியோ என்று தயங்கி நிற்கிறவர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இலைக்கு வந்துவிடுவார்களாம். அவள் புருஷன், என் மச்சான், இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் இரத்தினபுரியில் தனியாக இருக்கிறேன். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்த மாவட்டத்துச் செய்திகளை இருபது வருஷத்துக்கு மேலாக அனுப்பி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்.

அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் மண்வெட்டி நுழையும் அளவுக்கு ஒரு துண்டு நிலம். அதில் வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக்கொடி, வேலியோரம் அகத்தி. தண்ணீர் ஓடும் கானோரத்தில் கங்குங் கீரை தானாகவே படர்ந்து கிடக்கும். ஞாயிறன்று சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ப்பூவும் கொச்சிக்காய் என்கிற மிளகாயும் போட்டுச் சுண்டிய ஏதாவது ஒரு கீரை. பிஞ்சுப் பலாக்காயைக் கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெண்ணிடம் கேட்டுப் படித்து, கறுப்பாக, உறைப்பாக வைப்பாள். கறியும் மீனும் இல்லாத நாட்களில்கூட அந்த வீட்டில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல், கடைசிப் பருக்கை வரைக்கும் ஒரே கவனத்தோடு சாப்பிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு. அன்று ரொட்டியும் கட்டச்சம்பலும். அக்கா ரொட்டியைப் பிய்க்கவில்லை. நாடா போல நீளமாகக் கிழித்தாள். கிழித்ததைப் பல்லுக்கு இடையில் மெல்லத் தள்ளினாள். பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு சம்பல் இருந்தது. ஒன்று சிவப்பு. இன்னொன்று வெறும் தேங்காய், வெங்காயம், உப்பு.

"உங்க அக்கா வெள்ளைக்காரி ஆயிட்டா மாப்ள," என்றார் மச்சான். "கொச்சிக்கா ஆகாதாம். நாளைக்குக் கவுன் கேப்பா."

"பல்லு வலிங்க. பேசாம தின்னுங்க," என்றாள் அக்கா.

"முப்பது வருஷமா எனக்கு வராத பல்லு வலி."

"ஒங்களுக்குப் பல்லு இருந்தாத்தானே."

மச்சானுக்கு முன்பல் இரண்டு இல்லை. மூவரும் சிரித்தோம். சிரிக்கும்போது அக்காவின் வாய் பாதிக்கு மேல் விரியவில்லை. சாப்பாடு முடிந்ததும் வாசலுக்குக் கூட்டிப்போய், வாயைத் திறக்கச் சொல்லி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்கன்னம் சிவப்பாக இல்லை. ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடை மாதிரி வெளுத்திருந்தது. விரலால் தொட்டால் தடித்த நார்கள் தட்டுப்பட்டன.

"எத்தன நாளா?"

"எரிச்சல் ஒரு வருசமா இருக்கு. இறுகுனது இந்த மழைக்குப் பொறகு."

அந்த வாரமே இரத்தினபுரி ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்க்கலாம் என்ற எண்ணத்தில் உள்ளேயும் போனேன். தேவைப்படவில்லை. அக்காவின் சிங்களம் என்னுடையதைவிடச் சரளம். டொக்டர் இளம் பெண். "கட்ட அரின்ன," என்றாள். அக்கா திறந்தாள். "தவ," என்றாள் டொக்டர், இன்னும் என்று. "தவ." அக்காவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. கண்ணில் நீர் வந்தது. "பே மிஸ்," என்றாள். முடியாது.

டொக்டர் ஒரு பிளாஸ்டிக் அடிமட்டத்தைப் பல்லுக்கிடையில் நிறுத்தி அளந்து எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒருவர் தன் சொந்தக் கையின் மூன்று விரலை அடுக்கித் தன் வாய்க்குள் நிறுத்த முடிய வேண்டும், அதுதான் சரியான அளவு என்று சொன்னாள். அக்கா உடனே செய்து பார்த்தாள். ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பாதியில் நின்றது.

வெற்றிலை போடுவீர்களா என்று டொக்டர் கேட்டாள்.

"தென் நே மிஸ்," என்றாள் அக்கா. இப்போது இல்லை. "புகையிலைய விட்டு எட்டு வருசம் ஆகுது. என் தம்பி பேப்பர்ல எழுதுனான். அதப் பாத்து விட்டேன்." இதைச் சிங்களத்தில்தான் சொன்னாள், என்னைக் கைகாட்டி, கொஞ்சம் பெருமையாக.

டொக்டர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள். இதைச் செய்வது புகையிலை இல்லை, பாக்கு. பாக்குத்தான் வாயின் உள்தோலை நாராக்கி இறுக்குகிறது. இறுகியது திரும்ப இளகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். விடாவிட்டால் அது வேறு நோயாகவும் மாறலாம்.

அந்தச் செய்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எஹலியகொட பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பல் சிகிச்சை முகாம் நடந்தது. வந்திருந்த டொக்டர் லயத்துப் பெண்களிடம் அரைமணி நேரம் பேசினார். நான் குறிப்பெடுத்தேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் பற்றிச் சொன்னார். பாக்கு தனியாகவே கெடுதி என்று அவர் சொன்னது என் குறிப்புப் புத்தகத்தில் அடிக்கோடோடு இருக்கிறது. செய்தி எழுதுவதில் ஒரு முறை உண்டு. முக்கியமானதை மேலே வைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டலாம். புகையிலையும் புற்றுநோயும் எல்லோருக்கும் தெரிந்த ஜோடி. மேலே வைத்தேன். பாக்கு கடைசிப் பந்தியில் இருந்தது. இடம் குறைவு என்று காரியாலயத்திலிருந்து சொன்னார்கள். கடைசிப் பந்தியை நானே வெட்டினேன். ஒரு நிமிஷ வேலை.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அந்தப் பத்திரிகையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அக்காவோடு ஏழெட்டுப் பேர் புகையிலையை விட்டார்கள். வெற்றிலை ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன என்பதை வெளியில் இருப்பவர்கள் சரியாக அறிய மாட்டார்கள். ரப்பர் பால் வெட்டுக்கு விடியும் முன் வெள்ளாப்பில் மலை ஏற வேண்டும். வயிற்றில் ஒரு வெறுந்தேத்தண்ணி. பால் சேர்த்து, கொண்டுவந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்வரை சோறு கிடையாது. அதுவரை பசியை அமுக்கி வைத்திருப்பது வாயில் ஒதுக்கிய அந்தக் குதப்பல்தான். புகையிலை போனபின் அதில் ஏறும் கிறுக்கு குறைந்தது. அதை ஈடுகட்டப் பச்சைப் பாக்கை இரட்டிப்பாகப் போட்டார்கள். தலை சுற்றும் அளவுக்குப் போட்டார்கள்.

நான் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷங்களில் ஞாயிறுதோறும் சீவிய பாக்கு ஒரு சிரட்டை நிறைய இருக்கும். "புகையில இல்லப்பா, சும்மா பாக்குதான்," என்று அக்கா காட்டுவாள். நான் தலையாட்டினேன்.

அன்று டொக்டர் சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் சொன்னாள். கொச்சிக்காய் கூடாது, மிளகு கூடாது, சூடாக எதுவும் கூடாது. கீரை, மரக்கறி, பழம் நிறையச் சாப்பிட வேண்டும். அக்கா, "மிஸ், நான் பொறந்ததுலருந்து கீரைதான் திங்கிறேன்," என்றாள். டொக்டர் பேனாவை நிறுத்திவிட்டு ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு ஐஸ்கிறீம் குச்சிகளைப் பல்லுக்கிடையில் அடுக்கித் தினமும் பயிற்சி செய்யும் முறையைக் காட்டினாள்.

வெளியில் வந்தபோது மதியம். அக்காவுக்குப் பசி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சோற்றுக் கடைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புக் கறிகள். அக்கா நின்று பார்த்தாள், நடந்தாள், அடுத்த கடையிலும் நின்று பார்த்தாள். எனக்குச் சட்டென்று மெயின் வீதி மாடியில் இருக்கும் சைனீஸ் ஹோட்டல் ஞாபகம் வந்தது. செய்தியாளர் கூட்டங்களுக்குப் பிறகு அங்கே சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

படியேறும்போது அக்கா சொன்னாள்: "அங்க குச்சியிலதான் திங்கணுமாமே. என் வாய்க்குக் குச்சிதான் சரி."

குச்சி தரவில்லை, கரண்டியும் முள்ளும் தந்தார்கள். பரிமாறுகிறவர் எஹலியகொடக்காரர், முஸ்லிம், என் வயது இருக்கும். உறைப்பில்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாம் உறைப்பில்லாமச் செய்யலாம் சேர். அக்காவுக்கு வயித்துப் புண்ணா?"

"வாயே புண்ணுதான்," என்றாள் அக்கா.

முதலில் வந்த சூப்பில் கொச்சிக்காய் இல்லை. வெள்ளை மிளகு இருந்தது. ஒரு கரண்டி குடித்ததும் அக்கா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் பதறிப்போய் ஐஸ் கொண்டுவந்தார். அவர் குசினிக்குள் போய், சமைக்கும் கோக்கியிடம் சிங்களத்தில் உரக்கப் பேசுவது கேட்டது. அடுத்து வந்தது எதுவும் சேராத நூடில்ஸ், கொஞ்சம் உள்ளிப்பூண்டு, கொஞ்சம் எண்ணெய். அக்கா ஒரு நூலை எடுத்து உதட்டில் வைத்து உறிஞ்சினாள். போனது. இன்னொன்று. போனது. பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மடியில் தட்டு இல்லை என்பதைத் தவிர எல்லாம் பழைய மாதிரி. பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுத் தன் தாயிடம் நூடில்ஸ் கேட்டது.

நான் ஒரு கீரை வரட்டும் என்றேன். ஒயிஸ்டர் சோஸில் வதக்கிய கங்குங் வந்தது.

"இது கங்குங்தானே?"

"ஆமா."

"எங்க கானுல கெடக்குறதையா இங்க மெனுவுல போட்டிருக்காங்க?" பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். "தம்பி, நான் ஒரு சாக்கு கொண்டாந்து தாறேன். எனக்கு ஒரு மாசம் நூடில்ஸ் தாங்க."

"வாங்க அக்கா, கோக்கிக்கிட்ட இப்பவே சொல்லி வைக்கிறேன்," என்றார் அவர்.

கங்குங் தண்டை அவளால் மெல்ல முடியவில்லை. வாய்க்குள் வைத்துச் சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையைக் கடதாசியில் சுருட்டி வைத்தாள். ருசி நல்லது என்றாள். உள்ளியை இப்படித் தட்டிப் போட்டால் நம் கீரைக்கும் எடுபடும் என்றாள்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை கிளினிக், முடிந்ததும் அந்த மாடி என்று ஆனது. கன்னத்தில் ஊசி போட்ட நாளில்கூட மரத்த வாயோடு படியேறினாள். டோஃபு பழக்கமானது. முட்டை சேர்த்த சோளச் சூப் பிடித்தது. தோட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்திருந்தது. "உங்க அக்காவுக்கு நோயா, பிக்னிக்கா?" என்று மச்சான் கேட்டார். ஆனால் வீட்டில் அவள் பாற்கஞ்சிக்கும் மசித்த பூசணிக்கும் இறங்கிவிட்டாள் என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தட்டில் சம்பலை வைத்தால் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். வாசனை வாயை ஊறவைக்கிறது, ஊறினால் எரிகிறது. அவர் சம்பலை விட்டுவிட்டார். அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. நான் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை இன்னொரு டொக்டரிடம் காட்டக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறவில்லை, ஆனால் விடாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்று ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை, தொட்டால் நடுங்கும் அளவுக்கு மெது. மெல்லவே தேவையில்லை. அவளுக்காகவே செய்தது போல இருந்தது. அக்கா முழுவதும் சாப்பிட்டாள்.

"எப்படி?"

"உப்பில்ல, உறைப்பில்ல. ஆஸ்பத்திரியில குடுக்கிறது மாதிரியே இருக்கு. கிண்ணம் மட்டும் நல்ல கிண்ணம்."

திரும்பி வரும் வழியில் அவிசாவளையைத் தாண்டினோம். பிறகு, "என்னா செஞ்சாலும் நம்ம சாப்பாட்டு வாசன வரமாட்டேங்குது தம்பி," என்றாள்.

அளவு குறைந்துகொண்டே வந்தது. முதலில் பத்தொன்பது மில்லிமீட்டர். பிறகு பதினெட்டு. மறுபடி பதினெட்டு. பதினேழு. குச்சிப் பயிற்சி செய்கிறாள், உறைப்புத் தின்பதில்லை, பிறகு ஏன் என்று டொக்டர் புருவத்தைச் சுருக்கினாள். பதினேழு என்று எழுதிய அன்றைக்கு, மாடியில், நான் கை கழுவப் போய்விட்டுத் திரும்பினேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கன்னத்தில் ஒரு சிறு புடைப்பு. மடியில் வெற்றிலைப் பை திறந்திருந்தது. வெற்றிலை இல்லை, சுண்ணாம்பு இல்லை. சீவிய பாக்கு மட்டும்.

என்னைப் பார்த்ததும் பையை மூடவில்லை.

"டொக்டர்கிட்ட இல்லன்னு சொன்னியே," என்றேன்.

"கொஞ்சம்தான். காலையில மட்டும். சாப்பிட்டாப் பொறகு ஒரு சீவல்."

"அதுதான் வாயை மூடுது. அவ அன்னிக்கே சொன்னா."

"அந்தப் புள்ள சொல்லும். அது மலையில பால் வெட்டியிருக்கா? புகையிலைய விடுன்னு நீ எழுதுன. விட்டேன். பாக்கு கெடுதின்னா நீ எழுதியிருப்ப தானே?"

அதுவரைக்கும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பல மாதங்கள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். முகாமுக்கு வந்த டொக்டர் பாக்கைப் பற்றியும் சொன்னார், அதை எழுதினேன், இடம் போதவில்லை, கடைசிப் பந்தியை வெட்டினேன், வெட்டியது நான்தான்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெரிய பந்தி?"

நான்கு விரலை மேசையில் படுக்கவைத்துக் காட்டினேன். "இவ்வளவு."

"இவ்வளவுக்குத்தான் எடம் இல்லையா?"

"ஆமா."

"அன்னிக்கு அந்தப் பக்கத்துல வேற என்னா இருந்துச்சு?"

எனக்கு அது தெரியும். பழைய பிரதியைத் தேடிப் பார்த்திருந்தேன். "விளம்பரம்," என்றேன். "சாறி விளம்பரம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அந்தப் பதினேழு மில்லிமீட்டருக்குள்தான் வந்தது. பிறகு பாக்கைக் கடதாசியில் துப்பி, சுருட்டி, தட்டின் ஓரத்தில் வைத்தாள். பரிமாறுகிறவர் வந்து எதுவும் கேட்காமல் எடுத்துப்போனார்.

அந்த வாரமே பாக்கைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினேன். இந்த முறை பாக்கை முதல் வரியில் வைத்தேன். வெட்டாமல் வந்தது. பத்திரிகையை நானே கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் கொடுத்தேன். ஞாயிறன்று போனபோது அக்காவோடு பால் வெட்டும் ஒருத்தி வாசலில் என்னை மறித்தாள்.

"என்னாங்க சேர், மொத புகையிலைய விடுன்னீங்க. இப்பப் பாக்க விடுங்கிறீங்க. அடுத்த தடவ வெறுந்தேத்தண்ணிய விடுன்னு எழுதிருவீங்களா? மொத்தமா ஒரேயடியா சொல்லிருங்களேன், மனசத் தேத்திக்கிறோம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கன்னத்திலும் குதப்பல் இருந்தது. வாயைத் திறந்து காட்டும்படி கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. காலையில் மலைக்குப் போகும்போது பாக்குக்குப் பதிலாக என்ன கொண்டுபோவது என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால், நான் எழுதிய எந்த வரியிலும் அதற்கு விடை இல்லை.

அக்கா பாக்கை விட்டுவிட்டாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. விட்டுவிட்டேன் என்கிறாள். மச்சானும் விட்டுவிட்டாள் என்கிறார். கடைசியாக அளந்தபோது பதினாறு. சில சமயம் விட்ட பிறகும் கொஞ்சம் இறுகும் என்று டொக்டர் சொன்னாள். அப்படி நடக்கிறதா, நான் பார்க்காத வேளையில் ஒரு சீவல் போகிறதா என்பதை அந்த அடிமட்டம் சொல்லாது.

போன ஞாயிறு அவள் எனக்காகப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி வைத்தாள். பழைய மாதிரி, கறுப்பாக, உறைப்பாக. உப்பு பார்க்க முடியாததால் கையளவை நம்பி வைத்தாளாம். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். என் தட்டில் போட்டுவிட்டு, எனக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூக்கை மூடிக்கொள்ளவில்லை. எழுந்து போகவுமில்லை.

"நீ தின்னு. தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. எழுதுற ஆளுதானே நீ."

மென்றேன். பலாவின் நார் பல்லில் பிரிந்தது. முதலில் வறுத்த தூளின் கசப்பு, பிறகு கொறுக்காப்புளியின் புளிப்பு, அதற்குப் பின்னால் மெதுவாக உறைப்பு ஏறி வந்தது. இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது. அப்போது அவள் முகத்துக்கு எதிரில் ஒரு சொல்லும் வரவில்லை. "புளி சரியா இருக்கு," என்றேன்.

"உப்பு?"

"சரியா இருக்கு."

உப்பு கூடிப்போயிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். எழுந்து, சட்டியிலிருந்து இன்னொரு அகப்பை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"அப்ப நல்லா மென்னு தின்னு," என்றாள். "அவசரப்படாத."

மெதுவாகச் சாப்பிட்டேன். அவள் வாயை மூடியபடி, தாடை மட்டும் லேசாக அசைய, முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.